அவிநாசிப் பக்கம் ஒரு கடல் மீன் கடை: பணத்தை நீட்டினாலும் மீன் கிடைக்காது

போன அன்றே மீனோடு வீடு திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊருக்குள் வேறு கடைகள் இருக்கின்றன. காசைக் கொடுத்தால் இரண்டடித் தொட்டிக்கு நீல டாங் மீனைக்கூடப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது வளர்ந்தால் ஓரடி நீளம் வரும், நீந்துவதற்கே ஆறடித் தொட்டி வேண்டும் என்பதை வாங்கியவர் பிறகு தானே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் எழுதப்போகும் கடையில் அந்த மீனை விற்பதே இல்லை. கேட்டவருக்கெல்லாம் கடைக்கார அண்ணன் சொல்லும் பதில் ஒன்றுதான்: "முதலில் தொட்டியின் அளவைச் சொல்லுங்கள்."

அவிநாசியிலிருந்து அன்னூர் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு பழைய தறிக்கூடம். பெயர்ப் பலகை கிடையாது. விசைத்தறித் தொழில் நொடித்தபோது தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, அதே கூடத்தில் கணவனும் மனைவியுமாகத் தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தறிகளை இறுக்கிய போல்ட்டுகளின் தலை தரையில் இன்னும் துருத்திக்கொண்டிருக்கும். பார்த்து நடக்க வேண்டும். மூன்று பக்கம் மீன், நடுவில் பவளம். அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும்தான் வருகிறவர்கள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என்னை அவர்கள் அம்மிணி என்கிறார்கள். எனக்கு வயது நாற்பத்தைந்து. இருக்கட்டும்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீரைச் சோதிப்பதுதான் பிழைப்பு. ஆகவே தண்ணீரைப் பற்றி இதில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மீனுக்காக வந்தவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

கடைக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்ட கேள்விகளில் மீனே இல்லை. தொட்டி எத்தனை அடி, எந்த மாடியில் வைக்கப்போகிறீர்கள், இன்வெர்ட்டர் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. என்னுடையது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 255 லிட்டர். கல்லும் மணலும் போக இருநூறு சொச்சம் நிற்கும். கண்ணாடி, கல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்தால் முந்நூறு கிலோவைத் தாண்டும் என்பதால்தான் மாடியைக் கேட்கிறார். தரைத்தளம் என்றதும் முகம் தெளிந்தது. தண்ணீர் என்றதும் மறுபடியும் சுருங்கியது. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, இரண்டாயிரத்துக்கு மேல். மாநகராட்சிக் குழாயில் வரும் பவானித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், குடிக்கலாம், ஆனால் அதில் குளோரின் இருக்கிறது. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் எவ்வளவு இருக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. இந்த இரண்டு தண்ணீரில் எதை நேராகத் தொட்டியில் ஊற்றினாலும் பவளத்துக்கு முன்னால் பாசி வளரும். சிறுவாணித் தண்ணீருக்கு உலகப் பெருமை பேசும் கோயம்புத்தூர்க்காரர்களும் இதற்கு விலக்கில்லை என்று அண்ணன் சொன்னபோது, திருப்பூர்க்காரியான எனக்குச் சின்னதாக ஒரு திருப்தி.

ஆர்.ஓ. சவ்வு, அதற்குப் பின்னால் அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசின், வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். பூஜ்யம். இதுதான் அடித்தளம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று ஆன பிறகு, ஆர்.ஓ. என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பூஜ்யத் தண்ணீரில் கடலுப்புக் கலவையைப் போட்டு லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மைக்குக் கொண்டுவர வேண்டும். அடர்த்தியில் சொன்னால் 1.025, 1.026. இந்த எண்ணைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். அடர் நிறச் சாயத்துக்கு நாங்கள் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுவது சாதாரணம். எங்கள் சாயத் தொட்டியைவிடக் கடல் நீர் இளசு.

இங்கே எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வாக்குவாதம். உப்பை அளக்க மிதவைக் கருவியே போதும் என்பது அவர் கட்சி. குமிழி ஒட்டிக்கொண்டால் தப்பாகக் காட்டும் அந்த பிளாஸ்டிக் பெட்டியை நான் நம்ப மாட்டேன். ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் வேண்டும், அதையும் வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் பார்த்து விட்டுவிடாமல், 35 என்று அளவு உறுதி செய்த கரைசலில் சரிபார்க்க வேண்டும். கீழ்முனையில் சரியாக இருக்கும் கருவி, நமக்கு வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று புள்ளி விலகிக் காட்டுவதை ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கரைசல் புட்டி கடை அலமாரியில் விற்பனைக்கு வந்திருக்கிறது.

முதல் தடவை அங்கிருந்து கல்லும் மணலும் மட்டும்தான் வாங்கிவந்தேன். மீன் கேட்டதற்கு, "தொட்டி பழுக்கட்டும் அம்மிணி" என்று சொல்லிவிட்டார். தொட்டியில் அம்மோனியா விட்டு, அதை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் கல்லில் குடியேறும் வரை காத்திருக்க வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். எங்கள் கழிவுநீர் நிலையத்தில் பாக்டீரியாவைச் சோறு போட்டு வளர்க்கும் வேலையை அறிந்தவள் என்பதால் எனக்கு இது புதிதில்லை. ஆனால் இந்தக் காத்திருப்பில்தான் முக்கால்வாசிப் பேர் பொறுமை இழந்து, வேறு கடையில் டாம்செல் மீன் நாலைந்தை வாங்கிவந்து விட்டுவிடுகிறார்கள். 'தொட்டியைப் பழுக்கவைக்கும் மீன்' என்றே விற்கிறார்கள் அதை. அம்மோனியாவில் வெந்துபோகாமல் பிழைத்தாலும் அந்த மீன் சும்மா இருக்காது. கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டொமினோ டாம்செல், குஞ்சாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பொட்டெல்லாம் மங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த பிறகு, புதிதாக விடும் ஒவ்வொரு மீனையும் மூலையில் வைத்து அடிக்கும். பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் கல் அத்தனையையும் பிரித்தாக வேண்டும். அண்ணன் கடையில் டொமினோ ஒன்றே ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்தது. தனித் தொட்டியில் ராஜாவாகச் சுற்றுகிறது, விற்பனைக்கு இல்லை.

கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, மீனை எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நிற்பது. எல்லோரும் முதலில் கேட்பது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். கொடுக்கவில்லை. சாதுவை முதலில் விடு, முரடனைக் கடைசியில் விடு என்பது அவர் கணக்கு. முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் தன் சொத்து என்று நினைத்துக்கொள்ளும். அது பயந்த சுபாவமாக இருந்தால் பரவாயில்லை. சண்டைக்காரனாக இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு இடமில்லை. ஆகவே எனக்கு முதலில் கிடைத்தது ஃபயர்ஃபிஷ். முன்பாதி வெள்ளை, வாலை நோக்கிப் போகப் போக நெருப்புச் சிவப்பு, முதுகில் நெட்டுக்குத்தாக ஒரு நீண்ட துடுப்பு. சின்ன நிழல் விழுந்தாலும் பொந்துக்குள் பாய்ந்துவிடும். பொந்து அகப்படாவிட்டால் தொட்டிக்கு வெளியே பாயும். தொட்டியின் மேல் வலைமூடி போட்டுப் படம் எடுத்துக் காட்டினால்தான் அந்த மீனைக் கொடுப்பேன் என்றார். காட்டினேன், கொடுத்தார்.

அடுத்தது மஞ்சள் கோபியும் அதன் கூட்டாளியான பிஸ்டல் இறாலும். இந்த ஜோடிக்காக மட்டுமே ஒருவர் கடல் மீன் தொட்டி வைக்கலாம் என்பேன். இறாலுக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. ஆனால் நாள் முழுக்க மண் தோண்டும். கோபிக்குப் பார்வை உண்டு, தோண்டத் தெரியாது. இரண்டும் ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறால் மணலை வாரிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, அதன் மீசைகளில் ஒன்று கோபியின் வாலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை வெடுக்கென்று ஆட்டும். இறால் மண்ணைப் போட்டது போட்டபடி உள்ளே போய்விடும். ஆபத்து கூடினால் கோபியும் தலைகீழாக உள்ளே போகும். இரவில் கூடத்தில் படுத்திருந்தால், இறால் கொடுக்கை மடக்கிச் சொடுக்கும் சத்தம் கண்ணாடி விரிசல் விட்டதுபோலக் கேட்கும். என் வீட்டுக்காரர் டார்ச்சோடு எழுந்து ஓடிப் பார்த்தார். இந்த ஜோடியை வாங்குபவர்களுக்கு அண்ணன் சொல்லும் நிபந்தனை ஒன்று இருக்கிறது, அது சரியான நிபந்தனையும்கூட: கற்களை மணல்மேல் அடுக்கக் கூடாது, அடிக் கண்ணாடிமேல் அடுக்கிவிட்டுப் பிறகுதான் மணல் போட வேண்டும். இல்லாவிட்டால் இறால் அஸ்திவாரத்தைத் தோண்டிக் கல் சரிந்து தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும்.

கோமாளி மீன் மூன்றாவதாகத்தான் வந்தது. இங்கே இருப்பவை எல்லாம் குஞ்சுப் பண்ணையில் பொரித்தவை. கடலில் பிடித்தவை இல்லை. கோமாளி மீனைக் குளத்துக் கெண்டைபோல நம் நாட்டிலேயே பொரிக்கவைக்கும் வழிமுறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளைகள் உருவாக்கிக் கொடுத்திருக்கின்றன. பண்ணைக் குஞ்சு உலர் தீவனத்தைத் தயங்காமல் தின்கிறது, மனிதரைக் கண்டு ஒளிவதில்லை, நோயும் குறைவு. கடலில் பிடித்து வந்த மீனைவிட விலை கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாலும் இதைத்தான் வாங்க வேண்டும். ஜோடி சேர்ப்பதும் சுலபம்: ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று எடுத்தால் போதும். எல்லாக் குஞ்சும் ஆணாகத்தான் வளரத் தொடங்குகின்றன; கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். பெண் செத்துப்போனால் மிச்சமிருக்கும் ஆண் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. அக்கா இதைச் சொல்லும்போது அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பதும் சேவையின் ஒரு பகுதி.

மெரூன் கோமாளி பக்கம் போக வேண்டாம். இன்னொரு கோமாளி மீனை அது தொட்டியில் வாழவிடாது. நம் கடலிலேயே கிடைக்கும் சீபே கோமாளி மலிவு, ஆனால் பெரிதாக வளர்ந்து அதிகாரம் செய்யும். சின்னத் தொட்டிக்குச் சாதாரண ஒசெல்லாரிஸ்தான் நல்லது. கோமாளி மீன் இருந்தால் கடல் சாமந்தியும் (அனிமோனி) வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புகிறார். பண்ணைக் குஞ்சு சாமந்தியைப் பார்த்ததே இல்லை, அதற்கு ஏக்கமும் இல்லை. சாமந்தியோ ஓரிடத்தில் நிற்காது; நடந்துபோய், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மோட்டாருக்குள் சிக்கி, அரைபட்டு, தொட்டியையே விஷமாக்கிவிடும்.

பட்டாம்பூச்சி மீன் பவளத்தைக் கொத்தித் தின்னும். லயன்ஃபிஷ் வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும். மாண்டரின் மீனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சையும் நீலமுமாகக் காஞ்சிபுரத்துக் கரையைத் தோற்கடிக்கும் அழகு அது, பார்த்தவர்கள் கேட்காமல் போக மாட்டார்கள். அது கல்லிடுக்கில் ஊரும் கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய உயிரிகளைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும். தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. புதிய தொட்டியில் அந்த உயிரிகள் சில வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு கண்ணெதிரே பட்டினி கிடந்து வயிறு ஒட்டிச் சாகும். வேறொரு கடையில் இதைப் 'பராமரிப்புத் தேவையில்லாத மீன்' என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

மீனைக் கொடுக்கும் முன் நம் கண்ணெதிரே தீவனம் போட்டுக் காட்டுகிறார்கள். தின்னாத மீன் பைக்குள் போவதில்லை. வந்த சரக்கை இரண்டு வாரமாவது வைத்திருந்துதான் விற்கிறார்கள். மீன் வரிசையில் தாமிர மருந்து ஓடுகிறது. உப்பு தூவியதுபோல் உடம்பெங்கும் புள்ளி வரும் கடல் வெண்புள்ளி நோய்க்கு அதுதான் மருந்து. அதே தாமிரம் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால் நடுவில் உள்ள பவள வரிசைக்குத் தனிக் குழாய், தனி சம்ப் (வடிகட்டித் தொட்டி), தனி வலை, தனி வாளி. நாமும் பையில் வரும் தண்ணீரை வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. ஒவ்வொரு பையிலும் அக்கா மார்க்கர் பேனாவால் 'தண்ணீரைக் கொட்டவும்' என்று எழுதித்தான் கொடுக்கிறார்.

பவளம் அக்காவின் இலாகா. அண்ணனுக்கு அதில் பேச்சுரிமை இல்லை.

சட்டத்தை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அக்காவும் அதைத்தான் முதலில் பேசினார். பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாம், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடல் குதிரையும் அப்படியே. உயிரோடு இருப்பதை மட்டும் சட்டம் காப்பதில்லை. செத்துக் காய்ந்த பவளக் கல்லை எடுத்து விற்பதும் குற்றம். ஆகவே கடலிலிருந்து எடுத்த 'உயிர்க்கல்' என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கை நீட்டாதீர்கள். இந்தக் கடையில் சிமெண்டாலும் பீங்கானாலும் செய்த துளைக் கற்கள்தான் கிடைக்கின்றன. சிமெண்டுக் கல்லை வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பி.எச். இறங்கியதைச் சோதித்த பிறகே விற்கிறார்கள். ஒரு கல்லை நானும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன். பி.எச். நிலையாக இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக இருக்கும் 21 தீவுகளை 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. இதை அக்கா ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவன் ஹேமர் பவளம் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். அது கல் பவளம். கடைசிவரை கொடுக்கவில்லை.

அப்படியானால் புதியவர் எதை வளர்ப்பது? எலும்புக்கூடு இல்லாத மென்வகைகளை. அக்காவிடம் இருப்பவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கியவை. முதலில் கொடுப்பது மஷ்ரூம். காளானை நசுக்கி வைத்த மாதிரி வட்டமாக, சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும். வெளிச்சம் குறைவாக, நீரோட்டம் மெதுவாக இருக்கும் கீழ்மூலை போதும் அதற்கு. ரொம்பச் சுத்தமான தண்ணீர் அதற்கு ஆகாது என்பதுதான் எனக்கு வியப்பு. நைட்ரேட் லிட்டருக்கு ஐந்திலிருந்து பத்து மில்லிகிராம், பாஸ்பேட் கொஞ்சமாவது இருக்க வேண்டும். இரண்டையும் பூஜ்யமாக்கி வைத்தால் சுருங்கிப்போகும்.

வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்லோடு எடுத்துப் பலகையில் வைத்தார். நகம் அளவு சுருங்கிக் கொழகொழவென்று இருந்த மஷ்ரூமின் வாய் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்தார். புதுப் பிளேடால் வாயின் குறுக்கே ஒரே இழுப்பு. இரண்டு பாதியிலும் பாதி வாய் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் சீக்கிரம் தேறும். பழுப்பு நிறச் சளி ஒழுகியது. அதைத் தனி வாளிக் கடல் நீரில் அலசினார். ஒரு பாதியைக் கல் துண்டுகள் போட்ட சின்னப் பெட்டியில் விட்டு மேலே கொசுவலை கட்டினார். பசை போட்டாலும் வழுக்கிக் கழன்றுவிடும் என்பதால், சில நாளில் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். பெட்டியின் மூடியில் தேதி எழுதினார். இன்னொரு பாதி எனக்கு.

ஜோவா எனப்படும் ஜோவாந்திட், சட்டைப் பொத்தான்களைப் பரப்பி வைத்ததுபோல் நிறம் நிறமாக விரியும். வளர்ப்பது சுலபம், விஷயம் விஷத்தில் இருக்கிறது. இந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அக்கா கையுறையும் கண்ணாடியும் போடாமல் அதைத் தொடுவதே இல்லை. அது ஒட்டியிருக்கும் கல்லை வீட்டில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய முயன்றால் ஆவியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். இதை வாங்குபவர்கள் எல்லோரிடமும் அவர் இரண்டு முறை சொல்கிறார். விலையைத்தான் ஜீரணிக்க முடியவில்லை: தலை எண்ணி விற்கிறார். அபூர்வ நிறம் என்றால் ஒரு தலைக்குச் சொல்லும் விலையில் ஒரு நல்ல பருத்திச் சேலை வாங்கலாம். நான் சாதாரணப் பச்சையோடு நின்றுகொண்டேன்.

கிரீன் ஸ்டார் பாலிப் நீரோட்டத்தில் அலைபாயும் பசும்புல். அழகுதான். ஆனால் பார்த்தீனியச் செடியைத் தோட்டத்தில் விட்ட கதைதான் நடக்கும். பிரதான கல்லில் ஒட்டினால் ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் மூடிவிடும். தனிக் கல்லில் வைத்து, சுற்றிலும் மணலை அகழிபோல் விட வேண்டும். கையை மூடித் திறப்பதுபோல் துடிக்கும் ஜீனியாவும் அதே ரகம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு: பெருகினால் பெருகும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் கரைந்துபோகும், காரணம் கேட்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது லெதர் பவளம். தோல் பதனிட்டதுபோல் ஒரு குடை, அதன்மேல் மயிர்க்கால்களாகப் பாலிப்புகள். மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோல் மினுக்கத்தோடு நாள்கணக்கில் முகம் கொடுக்காது. செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. மேல்தோலை உரித்துப் புதுப்பித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீரோட்டம் நன்றாக இருந்தால் உரிந்து போய்விடும். இது பக்கத்துப் பவளங்களை அடக்கத் தண்ணீரில் ரசாயனம் விடும் என்பதால் வடிகட்டியில் கரியும், பக்கத்தில் இடைவெளியும் வேண்டும்.

மென்பவளங்களோடு நின்றால் இன்னொரு நிம்மதி: கல் பவளங்களைப்போல இவை தினமும் கால்சியத்தை உறிஞ்சுவதில்லை. காரத்தன்மை டி.கே.எச். என்ற அலகில் 8, 9; லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கால்சியம் 400-க்கு மேல், மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் உப்புக் கலவையே இவற்றை ஈடுகட்டிவிடுகிறது. துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்கும் காரத்தன்மைச் சோதனை எனக்குப் பழகிய வேலை. வேலை நேரத்தில் செய்வதையே வீட்டிலும் செய்கிறாயே என்று அம்மா திட்டுகிறார்.

கோடை வேறு கதை. ஏப்ரலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும். தொடர்ந்து அந்தச் சூட்டில் நின்றால் பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும்; 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே அது நடந்தது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கச் சொல்லி அண்ணன் நெருக்கவில்லை. சம்ப்புக்கு மேல் மின்விசிறி வைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்றார். இறங்கியது. விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும் நாள்களுக்கு, ஒரு வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் கோத்துவிட்டால் போதும். விளக்கு இல்லாமல் ஒரு நாள் ஓடும், ஓட்டம் இல்லாமல் ஓடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. எந்தத் தொட்டியிலும் விலை எழுதியிருக்காது. கேட்டால்தான் சொல்வார்கள், கேட்க எனக்குப் பிடிக்காது. சோதனைப் பெட்டிகள் வைத்த அலமாரியில் காலாவதித் தேதி தாண்டிய இரண்டு பாட்டில்கள் இருந்தன. காட்டியதும் எடுத்துவிட்டார்கள், ஆனால் தேதி பார்க்கிற பழக்கம் இல்லாதவர்கள் வாங்கியிருப்பார்கள் அல்லவா? வீட்டுக்கு வந்து தொட்டி அமைத்துத் தரும் சேவை கிடையாது. விளக்குகளில் ஒரே நிறுவனத்தின் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதுதான் சிறந்தது என்கிறார்கள். நான் வெளியில் வாங்கினேன், பவளங்கள் குறை சொல்லவில்லை. பை பிரிக்கும்போது மீன் உயிரோடு இல்லையென்றால் படம் அனுப்பினால் மாற்றுத் தருவார்கள். பிரித்த பிறகு நம் பாடு. அட்டை வாங்க மாட்டார்கள், கைப்பேசியில் பணம் அனுப்பலாம். அண்ணன் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது, அவசரத்தில் போகிறவர்களுக்கு அது குறை.

என் தொட்டியில் இன்னும் ஒரே ஒரு மீனுக்குத்தான் இடம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிட்டார். பாசி மேயும் பிளென்னி கேட்டிருக்கிறேன். கண்ணாடியிலும் கல்லிலும் பாசி நன்றாகப் பிடித்த பிறகு படம் அனுப்புங்கள், இப்போது விட்டால் மேய ஒன்றுமில்லை என்கிறார். என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாசி வளரட்டும் என்று காத்திருக்கிறேன்.

செவ்வாய் விடுமுறை. ஞாயிறு மதியத்துக்கு மேல் அக்கா பிளேடைத் தொட மாட்டார், பவளம் வெட்டி வாங்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். தெர்மாகோல் பெட்டி கையோடு கொண்டுபோங்கள், அங்கே தனியாகக் காசு வாங்குகிறார்கள். வண்டியைத் தோப்பு வாசலில் மட்டும் நிறுத்தாதீர்கள். தேங்காய் லாரி வந்தால் அண்ணனே வந்து திட்டுவார்.